பாண் லைட்

நெடுங்கேணிச் சந்தியில் வாடகைக்கு ஓடும் வாகனங்கள் மொத்தம் பதினொன்று. பத்தை ஆண்கள் ஓட்டுகிறார்கள். மிச்சம் ஒன்று என்னுடையது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் சங்கக் கூட்டத்தில் இதை ஒருவரும் சொல்லவில்லை. எல்லாரும் விளக்கைப் பற்றித்தான் பேசினார்கள்.

தீர்மானத்தை வாசித்தவர் சங்கத் தலைவர் தங்கராசா அண்ணை. பயணிகளின் பாதுகாப்புக் கருதி, விடியற்காலை ஐந்தரைக்கு முன் புறப்படும் ஓட்டங்கள் போதிய வெளிச்சம் இல்லாத வாகனங்களுக்கு வழங்கப்படமாட்டா. வாசித்து முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பக்கம் அவர் பார்க்கவில்லை. மற்ற ஒன்பது பேரும் பார்த்தார்கள்.

எங்கள் சந்தியில் விடியமுன் ஓட்டம் நிரந்தரமாக ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஐயாத்துரை ஐயாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஆறு மணிக்கு அங்கே கட்டிலில் ஏற வேண்டுமென்றால் நாலரைக்கு இங்கிருந்து வெளிக்கிட வேண்டும். இரண்டு வருடமாக அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது நான். முதலில் எங்கள் சங்கத்துச் சதீஸின் காரில்தான் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் திரும்பி வரும்போது அவருக்கு வயிற்றைப் புரட்டி, சீற்றிலேயே சத்தி எடுத்துவிட்டார். வீடு வரும்வரை சதீஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டினானாம். அடுத்த வெள்ளி ஐயா என் காருக்கு முன்னால் வந்து நின்றார். அன்றிலிருந்து அது என் ஓட்டம். மாதம் எட்டோ ஒன்பதோ தடவை, மழையோ வெயிலோ தப்பாத ஓட்டம். அதில்தான் சந்தியின் கண்.

சரி, இனி உண்மையையும் சொல்கிறேன். என் விளக்கு மங்கல்தான். இருபத்து மூன்று வயது ஜப்பான் கார். முன்விளக்குக் கண்ணாடி இரண்டும் மஞ்சள் பூத்து, கண்ணில் பூ விழுந்த மாடு போல் இருக்கும். மங்கல் என்று அவர்கள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்புதான், புளியங்குளம் போகிற காட்டு ரோட்டில், டிரக்டர்ப் பெட்டி ஒன்று பின்விளக்கும் இல்லாமல் நடுரோட்டில் நின்றது. நெல்லு மூடை ஏற்றிய பெட்டி. மண் நிறச் சாக்கு, மண் நிற ரோட்டு. நான் கண்டபோது அது என் மூக்குக்கு முன்னால் நின்றது. பிறேக்கை மிதித்தேன். கார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பற்றைக்குள் முகத்தைக் கொடுத்து நின்றது. ஐயாவுக்கு நெற்றியில் சின்னக் கீறல். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டேன். அவர் ஆஸ்பத்திரியில் எல்லாக் கட்டிலுக்கும் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ரோட்டில் இரவில் எதிரெதிரே இரண்டு வாகனம் வந்தால், ஒருவர் லைட்டைத் தாழ்த்தி டிம் அடிப்பார், உடனே மற்றவரும் அடிப்பார். யார் முதலில் அடிக்கிறார் என்பதற்கு எழுதாத ஒரு கணக்கு உண்டு. சின்னது பெரியதுக்கு அடிக்கும். புதியவன் பழையவனுக்கு அடிப்பான். எனக்கு யாரும் அடிப்பதில்லை. அந்த மஞ்சள் பூத்த விளக்கைத் தூரத்தில் கண்டதும் இரஞ்சிதம் வருகிறாள் என்று தெரிந்துவிடும். நீல லைட்டைக் கண்ணுக்குள் குத்திக்கொண்டே போவார்கள். நான்தான் டிம் அடித்து, ஓரம்கட்டி, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்பேன். என் அப்பா எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். அந்தக் காட்டு ரோட்டுக்குக் கல் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். அதே ரோட்டில் நான் ஓரம்கட்டி நிற்பேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு எரியும்.

கூட்டத்தில் எழுந்து, எனக்கு ஒரு மாதம் தாருங்கள், விளக்கை மாற்றுகிறேன் என்றேன். தங்கராசா அண்ணை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாவம் பார்க்கிற குரலில் சொன்னார்.

"லைட் மட்டும் இல்லைப் பிள்ளை. அது காட்டு ரோட்டு. நீ ஒரு பொம்பிளைப் பிள்ளை."

"தீர்மானத்தில பொம்பிளை எண்டு எழுதியிருக்கோ அண்ணை? வெளிச்சம் எண்டுதானே எழுதியிருக்கு."

அவர் தாளைப் பார்த்தார். வெளிச்சம் என்றுதான் எழுதியிருந்தது. அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானத்தை உறுதிப்படுத்துவது, அதுவரை ஓட்டம் என்னிடமே இருப்பது என்று முடிந்தது.

அடுத்த நாளே வவுனியாவுக்குப் போனேன். உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிற அனோஜன் என்னைக் கண்டதும் கேட்காமலே ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். செனன் லைட், எட்டாயிரம். சந்தியில் ஓடுகிற எல்லாருக்கும் இதுதான் கொடுத்தேன், பழைய பல்பைக் கழற்றிவிட்டு இதைச் சொருகினால் சரி, பத்து நிமிட வேலை என்றான். எட்டாயிரம் என்றால் என்ன என்று கேட்டேன். வெளிச்சம் என்றான். பக்கத்துப் பெட்டியில் நாலாயிரத்து முந்நூறு என்று போட்டிருந்தது. அப்படியென்றால் இது அதைவிட இரண்டு மடங்கு வெளிச்சமோ என்று கேட்டேன். கொஞ்சம் தடுமாறி, அப்படித்தான் எல்லாரும் வாங்குகிறார்கள் அக்கா என்றான்.

எல்லாரும் வாங்குகிறார்கள் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். காரின் டிக்கியிலிருந்து நான் கொண்டுபோன சாமானை எடுத்தேன். ஒரு நெல்லுச் சாக்கு. முதல் நாளே எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள குளத்துச் சேற்றில் புரட்டிக் காயவைத்திருந்தேன். கடைக்குப் பின்னால் சாமான் அறை இருட்டாக இருக்கும். சாக்கை அந்தக் கடைசிச் சுவரில் தொங்கவிட்டு, இரண்டு பல்பையும் பற்றரியில் கொடுத்துக் காட்டச் சொன்னேன். அனோஜன் சிரித்தான். சாக்குக்கு லைட் பூட்டப் போகிறீர்களா என்று கேட்டான். நான் சிரிக்கவில்லை.

எட்டாயிரம் பற்றியதும் அறை முழுக்க நீலம். சுவர் மின்னியது, பெட்டிகளில் ஒட்டிய வெள்ளித்தாள் மின்னியது, அனோஜனின் பல்லும் மின்னியது. சாக்கைக் காணவில்லை. இருட்டோடு இருட்டாக ஏதோ தொங்குகிறது என்றுதான் தெரிந்தது. அதை அணைத்துவிட்டு நாலாயிரத்து முந்நூறைக் கொடுத்தான். முதலில் கொஞ்சம் நடுங்கி, நீலமாய் எரிந்து, பத்து விநாடியில் அடங்கி வெளிர் மஞ்சளாக நின்றது. சாக்கின் இழை தெரிந்தது. சேறு வெடித்த கோடு தெரிந்தது. மூலையில் நான் தைத்திருந்த முடிச்சும் தெரிந்தது. பெட்டியில் போட்டிருப்பது வெளிச்சத்தின் அளவு அல்ல, நிறத்தின் பெயர் என்று அப்போது எனக்கு விளங்கியது. எங்கள் ரோட்டில் முட்டுகிற எதுவும் நீலமும் இல்லை, வெள்ளியும் இல்லை. மாடு, மான், மூடை ஏற்றிய பெட்டி, செம்மண் புழுதி பூசிய யானை, எல்லாம் இந்தச் சாக்கு நிறம்தான்.

"இது பாக்கிறதுக்கு எடுப்பா இருக்காதக்கா. குப்பி விளக்கு மாதிரி இருக்கும்."

"என்னைப் பாக்க நான் லைட் போடேல்லைத் தம்பி. ரோட்டைப் பாக்கப் போடுறன்."

அதன்பிறகு அவனுக்கும் என்னில் ஒரு மரியாதை வந்தது. வெறும் பல்பைப் பழைய விளக்குக்குள் சொருகினால் வெளிச்சம் நாலு பக்கமும் சிதறும், எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கும், நியாயப்படி உள்ளே உருண்டைக் கண்ணாடி ஒன்று வைக்க வேண்டும் என்று உண்மையைச் சொன்னான். அது வைத்தால் வெளிச்சம் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோட்டுக்குக் கீழே மட்டும் விழும். வெளிநாட்டில் உடைத்த கார்களிலிருந்து கழற்றியது இரண்டு சோடி வைத்திருந்தான். மலிவான சோடியைச் சுவரில் அடித்துக் காட்டினான். கோடு நேராக வந்து, நடுவில் ஒரு படி ஏறி, வலப்பக்கம் உயர்ந்து போனது.

இந்தப் படி எதற்கு என்று கேட்டேன். ரோட்டோரம் நடந்து போகிறவனைக் காட்டத்தான் என்றான். நாங்கள் ஓடுவது இடப்பக்கம், எங்கள் ரோட்டோரம் இடப்பக்கம், படி ஏன் வலப்பக்கம் ஏறுகிறது என்று கேட்டேன். அவன் சுவரைப் பார்த்தான். கையை நீட்டி, இதுதான் ரோட்டு, இது நான், இது எதிரே வருகிறவன் என்று தனக்குத்தானே காட்டிக்கொண்டான். பிறகு மெல்லச் சொன்னான்.

"இது வலப்பக்கம் ஓடுற நாட்டுச் சாமான் போல. உங்கட சந்திக்கு ஒரு சோடி குடுத்துப்போட்டனேயக்கா."

யாருக்கு என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றான். வற்புறுத்தவில்லை. மற்றச் சோடியில் படி இடப்பக்கம் ஏறியது. அதைத்தான் வாங்கினேன். விலையைச் சொன்னான், நான் வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன்.

சாமான் கையில் வந்தாயிற்று, விளக்கைத் திறப்பது எப்படி? வெளிக் கண்ணாடியும் உள் கூடும் கறுத்தப் பசையால் ஒட்டியிருக்கும். சூடாக்கினால்தான் இளகும். தொலைபேசியில் பார்த்த வீடியோக்களில் எல்லாரும் வீட்டு ஓவனுக்குள் வைத்து எடுத்தார்கள். நெடுங்கேணியில் யார் வீட்டுக் குசினியில் ஓவன் இருக்கிறது? என் வீட்டுக்காரர் சஜீவன் அறுவடை மெசினோடு கிளிநொச்சிப் பக்கம் நின்றார். போனில் எடுத்துக் கேட்டதற்கு, பேசாமல் பழைய பல்பையே புதிதாய் வாங்கிப் போடு என்றார். வைத்துவிட்டேன். அப்போதுதான் விமலாக்காவின் போறணை நினைவுக்கு வந்தது.

விமலேஸ்வரி அக்காவின் பேக்கரி சந்தியிலிருந்து கூப்பிடு தூரம். போறணை என்றால் பேக்கரி ரொட்டியான பாண் சுடுவதற்குச் செங்கல்லால் கட்டிய, நாலு ஆட்கள் படுக்கக்கூடிய அடுப்பு. நான் இரண்டு விளக்கையும் கழற்றித் துவாயில் சுற்றிக்கொண்டு போனேன். விமலாக்கா துவாயைத் திறந்து பார்த்துவிட்டு, இது என்ன முண்டக்கண் மீனோ என்று கேட்டா. விசயத்தைச் சொன்னேன். தலைவர் வாசித்த தீர்மானத்தையும் சொன்னேன். அவா கையை முன்தானையில் துடைத்துக்கொண்டு போறணை வாயருகே போனா. அந்தச் சங்கத்தில் ஒருவரும் கேட்காத கேள்வியை அவாதான் கேட்டா.

"எவ்வளவு சூடு வேணும்? பாண் சூடோ, பணிஸ் சூடோ?"

எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே என்று சொன்னேன். அப்படியென்றால் ரஸ்க் காயவைக்கிற சூடு என்றா. பின்னேரப் பாண் இறக்கி, தணலை வாரி, கதவைத் திறந்து ஆறவிட்டா. அவாவிடம் வெப்பமானி கிடையாது. முழங்கைவரை கையை உள்ளே நீட்டி, ஒண்டு, ரெண்டு என்று எண்ணுவா. பத்துக்குள் கையை இழுத்தால் பாண். பதினைந்து என்றால் பணிஸ். இருபத்தைந்துவரை தாங்கினால் ரஸ்க். மூன்று தடவை நீட்டிப் பார்த்தா. பிறகும் நம்பாமல், குப்பையிலிருந்து உடைந்த பின்விளக்கு மூடி ஒன்றை எடுத்து வரச்சொல்லி, முதலில் அதை வைத்தா. அது வளையாமல் வந்தபிறகுதான் என்னுடையதைப் பாண் தள்ளுகிற பலகையில் வைத்து உள்ளே தள்ளினா. பத்து நிமிடத்தில் பசை பனங்கட்டிப் பாகாக இளகியிருந்தது. துவாயால் பிடித்து இழுத்தேன். கண்ணாடி கையோடு வந்தது. நாங்கள் இருவரும் சின்னப்பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம்.

உருண்டைக் கண்ணாடியைப் பொருத்தி, வெளிக் கண்ணாடியைச் சொரசொரத்த தண்ணீர்க் கடதாசியால் தேய்த்துத் தெளியவைத்து, இன்னொரு தடவை ரஸ்க் சூட்டில் வைத்து ஒட்டினோம். மின்வயர் வேலையைப் பரந்தனில் நிருஷனிடம் கொடுத்தேன். நாற்பது வயது மனிதன், ஒரு வேலையை இரண்டு தடவை செய்ய விரும்பாதவன். பற்றரியிலிருந்து தனி வயர் இழுத்தான். பிறகு காரைச் சுவருக்கு முன்னால் இருபத்தைந்து அடியில் நிறுத்தி, விளக்கின் உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடு கீறி, டிம் வெளிச்சம் அந்தக் கோட்டுக்கு மூன்று விரல் கீழே விழும்வரை திருகினான். கோட்டுக்கு மேலே வெளிச்சம் போனால் அது மற்றவனின் கண்ணுக்குப் போகிறது, கீழே விழுந்தால் ரோட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான் சட்டம் என்றான். அந்தச் சட்டத்தை நான் மறக்கவில்லை.

செவ்வாய் விடிய ஐயா வந்து முன்சீற்றில் ஏறினார். அவருக்கு ஒரு பழக்கம், டிரக்டர்ப் பெட்டிக்குப் பிறகு வந்தது, டாஷ்போட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். அன்றைக்கும் பிடித்துக்கொண்டார். காட்டு ரோட்டில் ஏறியதும் ரோட்டின் இரண்டு கரையும் தெரிந்தது. பற்றைக்குள் நின்ற முயலின் காது தெரிந்தது. கொஞ்சத் தூரம் போனபிறகு அவர் கையை எடுத்து மடியில் வைத்தார். காருக்குள் பாண் வாசம் வருகிறதே என்று மட்டும் கேட்டார். விளக்கைப் போறணையில் வைத்த கதையைச் சொன்னேன். அவர் வழக்கம்போல ஆஸ்பத்திரியில் எல்லாக் கட்டிலுக்கும் சொன்னார். வெள்ளிக்கிழமை சந்தி முழுக்க என் காருக்குப் பெயர் பாண் லைட்.

சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சதீஸ் ஒவ்வொரு நாளும், அக்கா இண்டைக்குப் பாண் எத்தனை இறாத்தல் என்று கேட்பான். மற்றவர்களின் பின்கண்ணாடியில் முருகன் துணை, அம்மன் அருள் என்று இருக்கும். நான் ஸ்டிக்கர் வெட்டுகிறவனிடம் போய், உள்ளதில் பெரிய எழுத்தில் பாண் லைட் என்று வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தேன். அதன்பிறகு சிரிப்புக் குறைந்தது. ஆனால் வேறொன்று தொடங்கியது. மாத முடிவுக் கூட்டத்துக்கு நாலு நாள் முன்பு தங்கராசா அண்ணை என்னைக் கூப்பிட்டு, முறைப்பாடு வந்திருக்கிறது என்றார். என்ன முறைப்பாடு? என் விளக்கு கண்ணைக் கூசுகிறதாம். எதிரே வருகிறவர்களுக்கு ஆபத்தாம். போதிய வெளிச்சம் என்றால் அளவான வெளிச்சம் என்றுதான் பொருளாம்.

வீட்டுக்குப் போய்க் கதிரையில் இருந்து கொஞ்சம் அழுதேன். மங்கல் என்றார்கள், மாற்றினேன். இப்போது கூசுகிறதாம். அடுத்த மாதம் ஹோர்ன் சத்தம் சரியில்லை என்பார்கள். ஐயாவின் ஓட்டம் போனால் போகட்டும், வேறு ஓட்டம் வரும் என்று மனம் சொல்லிப் பார்த்தது. அந்த நினைப்பே எனக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு அலுமாரியைத் திறந்து, கார் இழுக்கிற கயிற்றை எடுத்து, இருபத்தைந்து அடிக்கு அளந்து முடிச்சுப் போட்டேன்.

கூட்டம் ஞாயிறு பின்னேரம். சந்திக்கு எதிரே நெல் களஞ்சியத்தின் வெள்ளைச் சுவர் நீளமாக இருக்கிறது. முறைப்பாட்டை வாசிக்க முன்பே நான் எழுந்து, பொழுது படட்டும், எல்லா வாகனத்தையும் அந்தச் சுவருக்கு முன்னால் விட்டுப் பார்ப்போம் என்றேன். நிருஷனின் சட்டத்தை விளக்கினேன். கோட்டுக்கு மேலே போனால் கண்ணுக்கு, கீழே விழுந்தால் ரோட்டுக்கு. யாரும் மறுக்க இடமில்லாமல் போயிற்று, ஏனென்றால் அவர்கள் எல்லாருக்கும் தங்கள் லைட்டில் பெருமை. செய்தி எப்படியோ பரவி, விமலாக்காவும் மாக் கையோடு வந்து நின்றா. ஐயாத்துரை ஐயா கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்.

என் காரை முதலில் விட்டேன். கயிற்றைப் பிடித்து அளந்து, சுவரில் கரிக்கட்டியால் கோடு கீறினேன். விளக்கு நடுங்கி, அடங்கி நின்றது. வெளிச்சம் கோட்டுக்கு மூன்று விரல் கீழே, கத்தியால் வெட்டியதுபோல் நேராக நின்று, இடப்பக்கம் மட்டும் ஒரு படி ஏறியது. அதற்கு மேலே சுவர் இருட்டாகவே இருந்தது.

அடுத்தது சதீஸ். எட்டாயிரம். சுவர் முழுக்க நீலம், கூரை முழுக்க நீலம், கூரைக்கு மேலே வேப்பமரமும் நீலம். மரத்தில் அடைந்திருந்த காகங்கள் கலைந்து கத்தத் தொடங்கின. கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சதீஸ் தானாகவே அணைத்துவிட்டு இறங்கினான். அதன்பிறகு எட்டு வாகனம், எட்டும் அதே கதை. காகம் மட்டும் திரும்பி வரவில்லை.

கடைசியாகத் தங்கராசா அண்ணையின் வான். அவருடையதிலும் உருண்டைக் கண்ணாடி இருந்தது. கோடு நேராக, அழகாக வந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு எல்லாரையும் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். படி வலப்பக்கம் ஏறியது. இரண்டு வருடமாக அவர் டிம் அடித்திருந்தாலும் அது என் கண்ணுக்குள்தான் குத்தியிருக்கும் என்று அந்த நேரம் எனக்குத் தெரிந்தது. அந்தப் படியை அவர் வேண்டுமென்று வாங்கவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது.

வானுக்கு முன்னால் போய், எதிரே வருகிற வாகனத்தின் சாரதி இருக்கக்கூடிய இடத்தில் நின்றேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணை, ஒருக்கா இஞ்ச வந்து நில்லுங்கோ. உங்கட வாகனத்துக்கு முன்னால நீங்கள் ஒருநாளும் நிண்டிருக்க மாட்டியள்."

வந்து நின்றார். உடனே கையால் கண்ணை மறைத்தார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் கையை இறக்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பி வந்து, கதிரையில் இருந்து, கூட்டப் புத்தகத்தை மூடப்போனார்.

"மூடாதேங்கோ. தீர்மானத்தை வாசியுங்கோ" என்றேன். "அளவான வெளிச்சம் இல்லாத வாகனத்துக்கு விடியமுன் ஓட்டம் இல்லை. அதுதானே? நான் அதுக்குக் கை உயர்த்திறன். உறுதிப்படுத்துவம்."

பதினொரு வாகனத்தில் அந்தச் சுவரில் தேறியது ஒன்றுதான். விமலாக்கா இருமினா. ஐயாத்துரை ஐயா கதிரையில் இருந்தபடியே, தனக்குச் செவ்வாய் விடிய யார் வருவது என்று ஒரு பதில் சொன்னால் போய்ப் படுக்கலாம் என்றார். தங்கராசா அண்ணை பேனையை எடுத்து எழுதினார். தீர்மானம் ஏகமனதாக உறுதிப்படுத்தப்பட்டது.

அடுத்த இரண்டு கிழமையில் விமலாக்காவுக்கு ரஸ்க் சுட நேரமில்லை. ஒவ்வொருவராகத் துவாயில் விளக்கைச் சுற்றிக்கொண்டு பேக்கரி வாசலில் நின்றார்கள். சதீஸ் என்னிடமே வந்து, எவ்வளவு சூடு என்று கேட்டான். இன்றைக்குப் பாண் எத்தனை இறாத்தல் என்று கேட்டுவிட்டுச் சொன்னேன். தலைவருக்கும் சலுகை இல்லை. வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்று, வலப்பக்கப் படி வருகிற இடத்தைத் தகடு வைத்து மறைத்துக்கொண்டு போனார். சுவரில் தேறியும் விட்டார். ஐயாவின் ஓட்டத்தைப் பற்றி அதன்பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரு வெள்ளி விடிய, காட்டு ரோட்டின் நடுப்பகுதியில் போய்க்கொண்டிருந்தோம். தூரத்தில் ஒரு வெளிச்சம். நெடுக நேர் ரோட்டு, அதனால் வெகு தூரத்திலேயே தெரிந்தது. கொழும்பு ஓட்டம் முடித்துத் திரும்புகிற தங்கராசா அண்ணையின் வான். என் கை பழக்கத்தில் டிம் பிடிக்குப் போனது. பாதியில் நிறுத்தினேன். நிறுத்தியது கைக்கே புதிதாக இருந்தது. ஐயாவும் நிமிர்ந்து இருந்தார், அவருக்கு இந்தக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வான் நெருங்கி வந்தது. நான் அடிக்கவில்லை.

அந்தப் பக்கத்து வெளிச்சம் சட்டென்று கீழே விழுந்தது. தங்கராசா அண்ணை டிம் அடித்துவிட்டார்.

நான் உடனே அடிக்கவில்லை. இரண்டு வருடம் ஓரம்கட்டி நின்றவள் நான். ஒரு மின்கம்பம் கடந்தது. இரண்டாவதும் கடந்தது. வான் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போவது தெரிந்தது. மூன்றாவது கம்பம் வரும்போது ஐயா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"காணும் பிள்ளை, போதும். இப்ப அடி."

அடித்தேன்.